கடல் இல்லாத தீவு: நீலகிரிக்காக நடந்த 700 வருஷப் போட்டி

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

ஊட்டிக்கு நீங்க எந்த வழியில போனாலும் ஒரு செக்போஸ்ட் வரும். மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறினா கல்லாறு. மைசூர்ல இருந்து வந்தா கக்கநல்லா. கேரளா பக்கம் நாடுகாணி. 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேற. பந்திப்பூர் காட்டுக்குள்ள வர்ற ரோட்டை ராத்திரி 9 மணிக்கு மூடினா காலையில 6 மணிக்குத்தான் திறப்பாங்க, இது 2009-ல இருந்தே நடக்குது. கொஞ்சம் கிழக்கே, சத்தியமங்கலத்துல இருந்து சாமராஜநகர் போற திம்பம் மலைப்பாதையிலயும் 2022-ல இருந்து ராத்திரி வண்டி விடுறதில்ல.

ஒரு மலைக்குப் போக இத்தனை கதவு ஏன்? காட்டு விலங்குக்காக, நெரிசலுக்காகன்னு காரணம் சொல்லலாம், அதெல்லாம் சரிதான். ஆனா இந்தக் கதவுகள் ரொம்பப் பழசு. சோழர், ஹொய்சளர், பாண்டியர், விஜயநகரம், மைசூர் உடையார், திப்பு, கடைசியில கம்பெனி, எல்லாரும் சண்டை போட்டது இந்தக் கதவுகளுக்காகத்தான். மேல இருந்த மலைக்காக இல்ல. இன்னிக்குப் பேசப்போறது அதைத்தான்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஊட்டி பத்தின எந்த டூரிஸ்ட் போர்டைப் பார்த்தாலும் கதை 1819-லதான் ஆரம்பிக்கும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறினார், ஊட்டியைக் "கண்டுபிடிச்சார்". அதுக்கு முன்னாடி? மூடுபனி, எருமை, அமைதி. யாரும் தொடாத மலை. இந்தக் கதையை நம்பினா, அதுக்கு முன்னாடி அங்க நடந்த எல்லாமே காணாமப் போயிடுது. அங்க இருந்த மனுஷங்களும் சேர்ந்து காணாமப் போயிடுறாங்க.

மேப்பை ஒரு தடவை திறங்க

முடிஞ்சா இப்பவே ஃபோன்ல சாட்டிலைட் வியூ போட்டுப் பாருங்க. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. தொட்டபெட்டா 2,637 மீட்டர். நடுவுல மெதுவா ஏறுற சரிவெல்லாம் கிடையாது, சுவர் மாதிரி எழும்புது. மேற்கே நிலம்பூர் பக்கம் பார்த்தா அப்படியே செங்குத்தா இறங்குது. வடக்கே மாயாறு ஒரு பெரிய பள்ளத்தாக்கை வெட்டி வெச்சிருக்கு, வெள்ளைக்காரங்க அதுக்கு "மைசூர் டிச்"னே பேர் வெச்சாங்க. தெற்கே பவானி. இந்த ரெண்டு ஆறும் மலையை ரெண்டு பக்கமும் சுத்தி வந்து கிழக்கே ஒண்ணு சேருது. அந்தச் சேர்ற இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப அங்க வருவோம்.

சுத்தி அகழி, நடுவுல உயரமான நிலம். தீவுதானே இது? உயிரியல் ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி மலையுச்சிகளை "வானத் தீவு"ன்னே சொல்றாங்க. நீலகிரிச் சிரிப்பான்னு ஒரு பறவை இருக்கு. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி தெற்கே போனீங்கன்னா அதோட சொந்தக்காரப் பறவைதான் இருக்கும், இது இருக்காது. கடல்ல இருக்கிற தீவு மாதிரியேதான்.

ஆனா தீவுன்னா தனிமைன்னு அர்த்தம் இல்ல. கோத்தகிரி, ஊட்டி சுத்துவட்டாரத்துல பழைய கல்வட்ட ஈமக்குழிகள் நிறைய இருக்கு. நீலகிரியோட முதல் கமிஷனரா இருந்த ஜேம்ஸ் பிரீக்ஸ் அதுல பலதைத் தோண்டினார், அவர் புத்தகம் 1873-ல வந்தது. உள்ள கிடைச்சது என்ன தெரியுமா? வேலைப்பாடு செஞ்ச வெண்கலக் கிண்ணங்கள், தங்க நகை, இரும்பு ஆயுதம், மூடியில எருமை உருவம் வெச்ச மண்பானைகள். சிலது எழும்பூர் மியூசியத்துல இருக்கு, சிலது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயிடுச்சு. அந்தத் தங்கமும் வெண்கலமும் ஏதோ ஒரு வழியில மேல ஏறி வந்திருக்கு. யாரோ கொண்டு வந்திருக்காங்க, பதிலுக்கு ஏதோ கீழ இறங்கியிருக்கு.

சோலூர், மேலூர் பக்கம் இருக்கிற கற்திட்டைகள்ல வீரர்கள், மாடுகள், பெண்கள் உருவம் செதுக்கியிருக்கு. சமவெளியில இருக்கிற நடுகல் மாதிரியேதான். அப்போ மேலயும் சண்டை நடந்திருக்கு, செத்தவங்களுக்குக் கல்லும் வெச்சிருக்காங்க.

1117: ஒரு தளபதி, ஒரு கல்வெட்டு

இப்போ அரசர்கள் கதைக்கு வருவோம். 1004 வாக்குல சோழர்கள் கங்கவாடியைப் பிடிச்சாங்க. கங்கவாடின்னா இன்னிக்கு மைசூரைச் சுத்தி இருக்கிற தென் கர்நாடகம். காவேரிக் கரையில இருக்கிற தலைக்காடுதான் அதோட தலைநகர், சோழர்கள் அதுக்கு ராஜராஜபுரம்னு பேர் மாத்தினாங்க. கீழ கொங்கு நாடும் சோழர் செல்வாக்குலதான். அதாவது நீலகிரிக்கு வடக்கேயும் ஒரே கொடி, கிழக்கேயும் அதே கொடி. அந்த நிலைமையில மலை யாருக்கும் தலைவலி இல்ல.

நூறு வருஷம் கழிச்சு நிலைமை மாறுது. ஹொய்சள அரசன் விஷ்ணுவர்தனன், பேருக்குச் சாளுக்கியருக்குக் கீழ இருந்தவன், 1116-ல சோழர்கிட்ட இருந்து தலைக்காட்டைப் பிடிச்சான். அதை எவ்வளவு பெருசா நினைச்சான்னா, "தலைக்காடு கொண்டவன்"னு தன்னோட தங்கக் காசுலயே அச்சடிச்சுக்கிட்டான். அன்னிக்குச் சோழ சிம்மாசனத்துல இருந்தது முதலாம் குலோத்துங்கன்.

இப்போ எல்லைக்கோடு எங்க வருது பாருங்க. மேல மைசூர் பீடபூமி ஹொய்சளர் கையில. கீழ கொங்கு இன்னும் சோழர் பக்கம். மேற்கே மலையாள தேசம். மூணுக்கும் நடுவுல நீலகிரி. நேத்து வரைக்கும் யாரும் கண்டுக்காத மலை, ராத்திரியோட ராத்திரியா எல்லையாயிடுச்சு. மைசூர் பக்கத்துல இருந்து கொங்குக்குப் படையை இறக்கணும்னா மாயாறு ஓரமா வர்ற கஜலஹட்டி கணவாய், இல்லைன்னா திம்பம் பக்கம். எதிரி மேல ஏறணும்னாலும் அதே வழிதான். மலையோட காலடி யார்கிட்ட இருக்கோ, கதவோட தாழ்ப்பாள் அவங்ககிட்ட.

அதனால அடுத்த வருஷமே விஷ்ணுவர்தனனோட தளபதி புணிசமய்யா தெற்கே இறங்குறார். இவர் சமணர். இன்னிக்குச் சாமராஜநகர்னு சொல்ற ஊர்ல ஒரு சமணக் கோயில் கட்டினார், அந்தக் கோயில் கல்வெட்டுலதான் இந்தப் படையெடுப்பு வருது. வருஷம் 1117. அதே வருஷம்தான் பேலூர் சென்னகேசவர் கோயிலும். பேலூருக்குப் போய் எல்லாரும் ரீல்ஸ் எடுக்கிறாங்க. சாமராஜநகர்க் கல்லைத் தேடிப் போனவங்க யாரையும் நான் பார்த்ததில்ல.

அந்தக் கல்லு என்ன சொல்லுதுன்னா: புணிசமய்யா தோடரைப் பயமுறுத்தினார், கொங்கரை ஒடுக்கினார், மலையாளரைக் கொன்னார், நீலமலைக்குள்ள புகுந்து அதோட உச்சியை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக் கொடுத்தார்.

தோடர்ங்கிற பேர் எழுத்துல வர்ற முதல் இடம் இது. நீலகிரின்னு இந்த மலையைத் தெளிவா அடையாளம் காட்டுற முதல் கல்வெட்டும் இதுதான். (சிலப்பதிகாரத்துல செங்குட்டுவன் தங்கின ஒரு நீலகிரி வருமேன்னு கேப்பீங்க. அது இந்த மலைதானான்னு ஆய்வாளர்களுக்குள்ள ஒத்த கருத்து இல்ல.)

கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. 2011 கணக்கெடுப்புல தோடர் மொத்தமே சுமார் 2,000 பேர். எருமை வளர்க்கிறவங்க. சோழர்கிட்ட இருந்து தலைக்காட்டைப் பிடிச்ச ஒரு படை, எருமை மேய்க்கிற ஒரு சின்னக் கூட்டத்தைப் பயமுறுத்தினதைக் கல்லுல வெட்டிப் பெருமைப்பட்டிருக்கு. ஒரு ஜனத்தோட பேர் முதல் தடவை எழுத்துல வரும்போதே "பயந்தவங்க"ன்னு வருது. எழுதினது பயமுறுத்தின ஆள். தோடர் தரப்புல அந்த நாள் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல நமக்கு ஒரு கல்லும் கிடையாது.

அதே கல்வெட்டுல இன்னொரு பகுதி இருக்கு, எனக்கு அதுதான் இன்னும் முக்கியமாப் படுது. நொடிச்சுப் போன வியாபாரி, விதைக்க விதை இல்லாத குடியானவன், அதிகாரம் போன கிராதத் தலைவன், அதாவது வேட்டுவத் தலைவன், இவங்களுக்கெல்லாம் புணிசமய்யா இழந்ததைத் திருப்பிக் கொடுத்து ஆதரிச்சார்னு புகழ்ந்திருக்கு. எழுதினவன் தளபதியோட தாராள மனசைக் காட்டத்தான் எழுதினான். ஆனா நமக்கு வேற ஒண்ணு தெரியுது. விதை நெல்லு கூட இல்லாம விவசாயி ஏன் நிக்கிறான்? வியாபாரி ஏன் நொடிச்சான்? அந்த எல்லையில படை போயும் வந்தும் ஊர் என்ன ஆச்சுங்கிறதுக்கு ஜெயிச்சவனே சாட்சி சொல்லிட்டான்.

உச்சி சாமிக்கு, அடிவாரம் அரசனுக்கு

சரி, நீலகிரியைப் "பிடிச்சாங்க"ன்னா என்ன அர்த்தம்? ஒரு அரசன் ஒரு ஊரை ஆண்டா அங்க தடயம் இருக்கும். கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்தது, ஏரிக்கு நிலம் விட்டது, வரி தள்ளுபடி பண்ணது, எல்லாத்தையும் கல்லுல வெட்டியிருப்பாங்க. இந்த வம்சங்களோட தடயம் எங்க இருக்குன்னு பார்த்தா எல்லாம் மலையைச் சுத்தி, அடிவாரத்துல. சாமராஜநகர், குண்டல்பேட்டை பக்கத்துல தெரக்கணாம்பி, அதுக்குப் பக்கத்துல 1315 வாக்குல வந்த கோபாலசுவாமி பெட்டா கோயில், பவானிக் கரையில ஒரு கோட்டை. தீவைச் சுத்தி துறைமுகம் துறைமுகமாப் பிடிச்சு வெச்ச மாதிரி. உச்சியைத் திருமகளுக்குக் கொடுத்துட்டு, இவங்க கீழ வந்து சுங்கச்சாவடியில உட்கார்ந்துட்டாங்க.

நிஜத் தீவுலயும் இதே கதைதான் நடந்தது. 12-ஆம் நூற்றாண்டு இரண்டாம் பாதியில மதுரை சிம்மாசனத்துக்குப் பாண்டியர்களுக்குள்ளயே சண்டை. ஒரு பக்கத்துக்கு உதவி பண்றேன்னு இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகு, லங்காபுரன்ங்கிற தளபதியை அனுப்பினான். இன்னொரு பக்கத்துக்குச் சோழர். இலங்கைப் படை இராமேசுவரத்தைப் பிடிச்சு, குந்துகால்ல கோட்டையைப் போட்டு, அதுக்குப் பராக்கிரமபுரம்னு பேரும் வெச்சது. மணலும் பனையும் மட்டும் இருந்த தீவு யாருக்கு வேணும்? அவங்களுக்கு வேண்டியது மதுரை. இராமேசுவரம் அதோட வாசப்படி. நீலகிரியும் ஹொய்சளருக்குக் கொங்கோட வாசப்படி.

"சாதாரன்"னு ஒரு பட்டம்

13-ஆம் நூற்றாண்டுல கொங்கு நிறைய கை மாறிச்சு. சோழர் சரிஞ்சாங்க, ஹொய்சளர் திருச்சி பக்கம் கண்ணனூர் வரைக்கும் வந்தாங்க, சடையவர்ம சுந்தரபாண்டியன் அவங்களைத் தள்ளினான், 1311-ல மாலிக் காபூர் துவாரசமுத்திரத்துக்கே வந்துட்டான். விரிவா இன்னொரு நாள்.

இந்தக் குழப்பத்துல நீலகிரி எல்லையைப் பார்த்துக்கிட்டது அரசன் இல்ல, ஒரு தளபதிக் குடும்பம். பெருமாள தண்டநாயகர், அவர் மகன் மாதவ தண்டநாயகர், அவங்க வாரிசுகள். தெரக்கணாம்பிதான் இவங்க தலைமையிடம். தண்டநாயகன்னா படைத்தலைவன். அந்தச் சொல்லு மக்கள் வாயில டணாயக்கன் ஆச்சு. பவானியும் மாயாறும் சேர்ற இடத்துல இருந்த கோட்டைக்குப் பேர் டணாயக்கன்கோட்டை. ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்த இடம்.

இந்தக் குடும்பம் போட்டுக்கிட்ட பட்டம் "நீலகிரி சாதாரன்". நம்ம காதுக்கு "நீலகிரியா, சாதாரணம்பா"ன்னு சொல்ற மாதிரி இருக்கும். அர்த்தம் நீலகிரியை அடக்கினவன். புணிசமய்யா 1117-லயே அடக்கியாச்சு இல்லையா? அப்புறம் 200 வருஷம் கழிச்சு 14-ஆம் நூற்றாண்டுல ஏன் திரும்ப அடக்கணும்? தலைமுறை தலைமுறையா அந்தப் பட்டம் ஏன் தேவைப்படுது? என் கணிப்பு இதுதான்: மலை அடங்கவே இல்ல. அடங்கின மலைக்கு ஒரு தடவை சொன்னாப் போதும்.

கடைசிப் பெரிய ஹொய்சள அரசன் மூன்றாம் வல்லாளன் மதுரை சுல்தான் படைகிட்ட மாட்டி 1342 வாக்குல கொல்லப்பட்டான். விஜயநகரம் வந்தது. அதுக்குக் கீழ சாமராஜநகர் பக்கம் உம்மத்தூர் தலைவர்கள் தலைதூக்கினாங்க, கிருஷ்ணதேவராயர் ஆட்சிக்கு வந்ததும் முதல் வேலையா அவங்களை அடக்கினார். 17-ஆம் நூற்றாண்டுல மைசூர் உடையார் அதே வழியில இறங்கினாங்க. ஆள் மாறிச்சு, கணவாய் மாறல.

யாரு உண்மையில குடியேறினாங்க?

இவ்வளவு பேர் "பிடிச்ச" மலையில நிலையா வந்து உழுதவங்க எந்தப் படையிலயும் வரல. படுகர் முன்னோர்கள் மைசூர் பக்கத்துல இருந்து, குறிப்பா 1565 தலைக்கோட்டைப் போருக்கு அப்புறம் வந்த குழப்பத்துல, மாயாறைத் தாண்டி மேல வந்தாங்கங்கிறது பல காலமாச் சொல்ற வரலாறு. படுகர்னா வடக்கத்தி ஆளுங்கன்னு பேருக்கே அர்த்தம் சொல்வாங்க. (இதைப் படுகர் சமூகத்துல எல்லாரும் ஏத்துக்கிறதில்ல. தாங்க மலையோட பூர்வகுடின்னு சொல்றவங்க இருக்காங்க, பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கச் சொல்லிக் கோரிக்கையும் இருக்கு.) 1603-ல ஃபெனிசியோங்கிற இயேசு சபைப் பாதிரியார் மலபார் பக்கத்துல இருந்து ஏறி வந்து தோடர் மந்துகளைப் பார்த்தார், படுகர் ஊர்களையும் குறிச்சிருக்கார். ஆக சல்லிவனுக்கு 200 வருஷம் முன்னாடியே மேல தோடர், கோத்தர், குறும்பர், படுகர் எல்லாரும் இருந்தாங்க. தோடர்கிட்ட நெய், கோத்தர்கிட்ட இரும்பும் பானையும் மேளமும், குறும்பர்கிட்ட தேன். படுகர் தங்க விளைச்சல்ல ஒரு பங்கைத் தோடருக்குக் கொடுத்தாங்க, மலைக்கு மூத்தவங்கங்கிற மரியாதையில. "நீலகிரியை அடக்கினவங்க" கொடுக்காத மரியாதை அது.

கோட்டை என்ன ஆச்சு

குன்னூர்ல லேம்ஸ் ராக் பக்கம் போயிருந்தா எதிர்மலையில ஒரு இடிஞ்ச கோட்டையைக் காட்டியிருப்பாங்க. துருக்கம், டுரூக் ஃபோர்ட், பக்காசுரன் கோட்டைன்னு பேர். நான்சச் டீ எஸ்டேட் வழியா நடந்து போகணும். திப்பு காலத்துக் காவல் கோட்டைன்னு சொல்வாங்க. பக்கத்துல நின்னு கீழ பார்த்தீங்கன்னா கோயம்புத்தூர்ச் சமவெளி மொத்தமும் தெரியும். கோட்டை பார்த்துக்கிட்டு இருக்கிறது மலையை இல்ல, கீழ இருக்கிற ரோட்டை.

1790 செப்டம்பர்ல திப்பு படையோட கஜலஹட்டி கணவாய் வழியா இறங்கி, சத்தியமங்கலத்துல கம்பெனிப் படையைத் தாக்கினார். புணிசமய்யாவுக்கு அப்புறம் 673 வருஷம், அதே கதவு. 1799-ல திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூரோட சேர்த்து நீலகிரி கம்பெனி கைக்குப் போச்சு. அதுக்கப்புறமும் இருபது வருஷம் அவங்க மேல வந்து குடியிருக்கல. 1812-ல சர்வே ஆள் போனாங்க, 1818-ல ரெண்டு அதிகாரிகள் போனாங்க, 1819-ல சல்லிவன். ஒரு நியாயத்துக்குச் சொல்லணும், நிலம் தோடருக்குச் சொந்தம்னு அப்புறம் கம்பெனிக்குள்ளயே வாதாடினதும் அதே சல்லிவன்தான். ஆனா முன்னாடி வந்த யாரும் பண்ணாததை இவங்க பண்ணாங்க: மேலேயே தங்கினாங்க. தைல மரம், காபி, டீ, ரயில் எல்லாம் அதுக்குப் பின்னாடி வந்தது.

டணாயக்கன்கோட்டையைப் பார்க்கணும்னா? முடியாது. 1948-ல ஆரம்பிச்சு 1955-ல முடிச்ச பவானிசாகர் அணை, பவானியும் மாயாறும் சேர்ற அதே இடத்துலதான் நிக்குது. கோட்டையும், உள்ள இருந்த மாதவராயப் பெருமாள் கோயிலும் நீருக்கடியில. சாமி சிலைகளை முன்னாடியே எடுத்துட்டு வந்து பவானிசாகர்ல வெச்சாச்சு. மழை பொய்ச்ச வருஷங்கள்ல நீர்மட்டம் ரொம்ப இறங்கினா கோயில் மண்டபத்தோட கல் தூண்கள் வெளிய தெரியும், பேப்பர்ல போட்டோவும் வரும். அந்தப் பக்கம் முழுக்க சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், நீர்ல முதலை வேற இருக்கு, அதனால போய்ப் பார்க்கலாம்னு கிளம்பிடாதீங்க. சாமராஜநகருக்குப் போகலாம். திம்பம் வழியாப் போறதா இருந்தா காலையில 6 மணிக்கு அப்புறம்தான் விடுவாங்க.